சாப்பல் ஹில் வளாகத்தில் கறுப்பினப் பண்பாட்டு மையம்: நாம் உள்ளே போகலாமா?

மகளை அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்க்க ஆகஸ்டில் சாப்பல் ஹில் வருகிறீர்கள். வளாக வரைபடத்தில் சோன்யா ஹேன்ஸ் ஸ்டோன் பெயரில் கறுப்பினப் பண்பாடு, வரலாற்று மையம் என்று ஒரு கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கறுப்பினத்தவர் அல்லாத நாம் உள்ளே போகலாமா, போனால் பார்க்க என்ன இருக்கிறது, ஒரு இனத்துக்கென்று தனிக் கட்டடம் கட்டுவது பிரிவினை ஆகாதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது. அழைப்பு தேவையில்லை. அங்கே இருக்கும் வகுப்பறைகளுக்குப் பல துறை மாணவர்கள் வந்து போகிறார்கள். நான் இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில், மோரிஸ்வில்லில், இருபது வருடத்துக்கு மேல் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். ஆனால் நேராக அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப் போவதில்லை. காரில் இறங்கி, நுழைந்து, கண்காட்சியைப் பார்த்து, பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தால் "நன்றாக இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். அந்தக் கட்டடம் ஏன் அங்கே நிற்கிறது என்பது அதைச் சுற்றியிருக்கும் மற்றக் கட்டடங்களைப் பார்த்தால்தான் புரியும். அதனால் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். நடக்க நல்ல செருப்பு போதும்.

பிராங்க்ளின் தெரு பக்கமிருந்து தொடங்குங்கள். அங்கே மெக்கார்க்கிள் பிளேஸ் என்று பெரிய ஓக் மரங்கள் நிற்கும் புல்வெளி இருக்கிறது. அதில் ஒரு கறுப்புக் கல் மேசையும் சுற்றிக் கல் இருக்கைகளும் தெரியும். எட்ட இருந்து பார்த்தால் பூங்காவில் மதியச் சாப்பாட்டுக்குப் போட்ட மேசை என்றுதான் தோன்றும். கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். மேசைப் பலகையை 300 சின்னச் சின்ன வெண்கல மனிதர்கள் கைகளை உயர்த்தித் தாங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தைக் கட்டிய, ஆனால் பெயர் எழுதப்படாத கறுப்பின மக்களுக்கான நினைவுச் சின்னம் அது. 2002ஆம் ஆண்டு பட்டம் பெற்ற மாணவர்கள் தந்தது, கொரியச் சிற்பி டோ ஹோ சூ செய்தது, 2005இல் வைக்கப்பட்டது. நான் ஒருமுறை மழை விட்ட மறுநாள் போயிருந்தேன். அந்தச் சிற்பங்களின் கால்களில் செம்மண் ஏறியிருந்தது. மேலே யாரோ வைத்துவிட்டுப் போன காப்பிக் கோப்பை. கீழே இருந்தவர்கள் அதையும் சேர்த்துத்தான் தாங்கிக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதே புல்வெளியில்தான் 1913 முதல் 'சைலண்ட் சாம்' என்ற போர்வீரன் சிலை நின்றது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்புக்கு எழுப்பிய சிலை. திறப்பு விழாவில் பேசிய ஜூலியன் கார் என்ற தொழிலதிபர், போர் முடிந்த புதிதில் தான் அந்த இடத்துக்கு நூறு கஜத் தொலைவில் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சாட்டையால் அடித்ததைப் பெருமையாகச் சொன்னார். 2018 ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு போராட்டக்காரர்கள் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். பீடமும் 2019 ஜனவரியில் அகற்றப்பட்டுவிட்டது. இப்போது போனால் அங்கே புல்தான். என்றாலும் இடத்தைக் கேட்டு அறிந்து நின்று பாருங்கள். கறுப்பின மாணவர்கள் அறுபது வருடத்துக்கு மேல் அந்தச் சிலையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போனார்கள்.

அப்படியே தெற்கே நடந்தால் ஓல்ட் ஈஸ்ட் விடுதி. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகக் கட்டடங்களிலேயே மிகப் பழையது. அடிமைகளின் உழைப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்த இடத்தில் ஒருவரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன். பக்கத்து சாட்டம் கவுண்டியில் அடிமையாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் விற்க இந்த வளாகத்துக்கு நடந்து வருவார். மனதுக்குள்ளேயே கவிதை கட்டும் திறமை அவருக்கு இருப்பது மாணவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. காதலிக்கு அனுப்பக் கவிதை வேண்டும் என்று கேட்பார்கள். அவர் சொல்லச் சொல்ல இவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஒவ்வொரு வரியின் முதலெழுத்தையும் சேர்த்துப் படித்தால் அந்தப் பெண்ணின் பெயர் வரும்படி கட்டிக் கொடுப்பாராம். விலை 25 சென்ட் முதல் 75 சென்ட் வரை. தானாகவே படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு எழுத வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். 1829இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளியானது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஒரு கறுப்பினத்தவர் வெளியிட்ட முதல் நூல் அது. விற்ற பணத்தில் தன் விடுதலையை வாங்கிவிடலாம் என்று நினைத்தார். முடியவில்லை. 1865இல் வடக்குப் படை வந்து சேரும்வரை அவர் அடிமைதான்.

எனக்கு இந்த வளாகத்தில் மனதை விட்டு அகலாதது இவருடைய கதைதான். இங்கே படித்த பையன்களுக்குக் கவிதை எழுதிக் கொடுத்தவர் இங்கே படிக்க முடியாது. அவருக்கு மட்டுமில்லை, அவருக்குப் பின் வந்த மூன்று தலைமுறைக்கும் முடியாது. 1938இல் பாலி முர்ரே என்ற இளம்பெண் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார். பக்கத்தில் இருக்கும் டர்ஹமில் வளர்ந்தவர். அவருடைய வெள்ளைக்கார மூதாதையர் ஒருவர் இதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலராகவே இருந்தவர். இனத்தைக் காரணம் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். பின்னாளில் அமெரிக்காவின் முக்கியமான குடிமை உரிமை வழக்கறிஞர்களில் ஒருவரானார் அவர். நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு, 1951இல் கறுப்பின மாணவர்கள் 5 பேர் சட்டக் கல்லூரிக்குள் வந்தார்கள். இளங்கலைக்கு முதலில் வந்தது 1955இல்தான், டர்ஹமின் ஹில்சைட் பள்ளியிலிருந்து 3 பேர். அவர்களுக்கு விடுதியில் மற்றவர்களோடு இடம் இல்லை. தனியாக ஒரு பகுதியில் தங்கவைத்தார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1795இல் முதல் மாணவர் வந்ததிலிருந்து 1951 வரை இந்தப் பல்கலைக்கழகம் முழுவதுமே ஒரு இனத்துக்கான தனிக் கட்டடமாகத்தான் இருந்தது. யாரும் அதைப் பிரிவினை மையம் என்று அழைக்கவில்லை. பல்கலைக்கழகம் என்றார்கள். போகும் வழியில் போல்க் பிளேஸ் என்ற முற்றத்தில் கரோலினா ஹால் இருக்கிறது. 2015 வரை அதன் பெயர் சாண்டர்ஸ் ஹால். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையர் ஆதிக்க வன்முறை அமைப்பின் வட கரோலினாத் தலைவர் என்பதையும் ஒரு தகுதியாகக் குறிப்பிட்டு, அறங்காவலர்கள் 1920இல் அந்த ஆளின் பெயரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இப்படி ஒவ்வொரு சுவரும் ஒரு தரப்பின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்த வளாகத்தில், தங்கள் பெயரில் ஒரு சுவர் வேண்டும் என்று கேட்டதுதான் பிரிவினை ஆகிவிட்டது. அது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

மதியச் சாப்பாட்டை லெனோயர் ஹாலில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளும் அடிக்கடி அங்கே சாப்பிடுவாள். 1969 பிப்ரவரி 23ஆம் தேதி அங்கே வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் எப்போதும்போல உணவை அடுக்கி வைத்தார்கள். கதவு திறந்ததும் பரிமாறும் இடத்தை விட்டு வெளியே வந்து சாப்பாட்டு மேசைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான், வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. குறைந்த கூலி, கணக்கில் வராத கூடுதல் வேலை, மரியாதை இல்லாத பேச்சு எல்லாம் சேர்ந்து வெடித்தது. கறுப்பின மாணவர் இயக்கம் அவர்களோடு நின்றது. ஆளுநர் காவல்துறையை அனுப்பினார். கடைசியில் கூலி மணிக்கு 1 டாலர் 80 சென்டாக உயர்ந்தது.

நாடு முழுவதும் அதே காலம்தான். 1968இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கட்டண அலுவலகத்துக்குள் புகுந்து 38 மணி நேரம் உட்கார்ந்தார்கள். அதே ஆண்டு பர்டூவில் ஆளுக்கொரு செங்கல்லைக் காகிதப் பையில் எடுத்துப்போய் நிர்வாகக் கட்டடத்தின் படிகளில் அடுக்கினார்கள். இன்று அமெரிக்க வளாகங்களில் இருக்கும் கறுப்பினப் பண்பாட்டு மையங்களில் பல அந்த ஓரிரு வருடங்களில் பிறந்தவை. நிர்வாகம் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல.

சாப்பல் ஹில்லில் அது ரொம்பத் தாமதம். 1988இல்தான் மாணவர் மன்றக் கட்டடத்துக்குள் ஒரு சின்ன இடம் கிடைத்தது. அங்கே கூட்டம் போடக்கூட இடம் போதாது. சோன்யா ஹேன்ஸ் ஸ்டோன் 1974இல் ஆப்பிரிக்க அமெரிக்கப் படிப்பு கற்பிக்க வந்த பேராசிரியர். 1979இல் அவருக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அவரும் விடாமல் மேல்முறையீடு செய்தார், மறு ஆண்டு அந்த முடிவு மாறியது. அதற்குப் பிறகும் பாடம் எடுப்பதோடு நிற்காமல் மாணவர் இயக்கத்துக்கு ஆலோசகராகக் கூடவே நின்றார். 1991இல் ஐம்பத்து மூன்று வயதில் திடீரென்று இறந்துபோனார். மாணவர்களுக்கு அது தாய் போன மாதிரி. மையத்துக்கு அவருடைய பெயர் வந்தது. அந்தப் பெயருக்குத் தகுந்த தனிக் கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை கிளம்பியது.

1992இல் அது பெரும் போராட்டமானது. அதைப் பெரிதாக்கியவர்களில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் 4 வீரர்கள் முக்கியமானவர்கள். அமெரிக்க வளாகத்தில் கால்பந்து வீரன் என்றால் எப்படி என்பது உங்களுக்கு மகள் போகப் போகச் சொல்வாள். சனிக்கிழமை மைதானத்தில் கைதட்டிய அத்தனை பேரும் திங்கட்கிழமை அவர்கள் பேசுவதைக் கேட்டாக வேண்டியதாயிற்று. இயக்குநர் ஸ்பைக் லீ வந்து கூடைப்பந்து அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பேசினார். சான்சலர், அதாவது நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர், தனிக் கட்டடம் மாணவர்களைப் பிரித்துவிடும் என்று முதலில் மறுத்தார். நீங்கள் கேட்டிருக்கும் அதே கேள்விதான். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒப்புக்கொண்டார். இடம் எது, பணம் எங்கிருந்து என்று இழுபறி தொடர்ந்தது. 1993 ஏப்ரலில் நிர்வாகக் கட்டடத்தில் உட்கார்ந்து மறியல் செய்த மாணவர்கள் கைதானார்கள். தனியாரிடம் நன்கொடை திரட்டி, 2001இல் அடித்தளம் போட்டு, 2004 ஆகஸ்டில்தான் கதவு திறந்தது. 1992இல் தெருவில் நின்ற பிள்ளைகளில் ஒருவர்கூட மாணவராக இருந்து அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தியிருக்க மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

சரி, உள்ளே போவோம். தெற்கு வீதியில் உயரமான மணிக்கூண்டு தெரியும். அதற்குப் பக்கத்தில்தான் மையம். செங்கல் கட்டடம். நுழைந்ததும் ராபர்ட் மற்றும் சாலி பிரவுன் பெயரிலான காட்சிக்கூடத்தைப் பாருங்கள். கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்கா என்று கறுப்பின மக்கள் சிதறிப்போன எல்லா நிலங்களிலிருந்தும் கலை வரும். அதனால் இன்னது இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. இதற்கு அடுத்து 360 பேர் அமரக்கூடிய அரங்கம், நடனக் கூடம், நூலகம். பெரிய கூட்ட அறைக்கு ஹிட்ச்காக் அறை என்று பெயர். அந்த நான்கு கால்பந்து வீரர்களில் ஒருவர் ஜிம்மி ஹிட்ச்காக். பிறகு தொழில்முறை ஆட்டக்காரராகிச் சம்பாதித்ததில் மையத்துக்கும் கொடுத்தார். அறை வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது இந்தக் கதையை மகளுக்குச் சொல்லுங்கள்.

நூலகத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் எழுதியதில் ஏதாவது ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இவருக்குத்தான். தீண்டத்தகாதவர்கள் நிலையும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் நிலையும் ஒத்திருப்பதால் அதைப் படிப்பது அவசியமாகிறது என்று எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பினத்தவர் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டார். டு பாய்ஸும் பதில் போட்டார். இது புத்தகத்துக்குள் இருக்கும் சம்பந்தம். நம் வீட்டுக்குள் இருக்கும் சம்பந்தம் இன்னொன்று: கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் 1965 குடியேற்றச் சட்டம் வந்தது. அதற்கு முன் இந்தியாவிலிருந்து வருடத்துக்கு நூறு பேர் என்பதுதான் குடியேற்ற ஒதுக்கீடு. நான் மோரிஸ்வில்லில் உட்கார்ந்து இதை எழுதுவதும், நம் பிள்ளைகள் படித்து முடித்து இங்கேயே வேலை தேடுவதும் அந்தக் கதவு திறந்ததால்தான். அதனால் அங்கே போகும்போது வேடிக்கை பார்க்கப் போகிற உணர்வு எனக்கு வருவதில்லை. கடன்பட்ட வீட்டுக்குப் போகிற மாதிரிதான் இருக்கும்.

நடந்துகொள்ளும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள், சோபாவில் தூங்கிக்கொண்டும் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். காட்சிக்கூடத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள். யாராவது வணக்கம் சொன்னால் நின்று பேசுங்கள். தென் மாநிலத்து மக்கள் பேச்சில் தாராளம். எங்கிருந்து வருகிறீர்கள், மகள் என்ன படிக்கப்போகிறாள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். உங்கள் பக்கத்திலிருந்து அடிமை முறை, காவல்துறை என்று நேர்காணல் தொடங்க வேண்டாம். பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளை ஒரு இனத்துக்கே பதில் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக இன்னொன்று: தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்ற நினைப்பில் நம்மவர் சிலர் ஊர் வழக்குச் சொற்களால் அவர்களைக் குறிப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். தொனி எல்லோருக்கும் புரியும். கூட இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும். பழைய பாடப்புத்தகங்களில் வந்த 'நீக்ரோ' என்ற சொல்லும் வேண்டாம். கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர், இரண்டில் எதையும் சொல்லலாம்.

நேரம்: வார நாளில் பகலில் போவது நல்லது. விடுமுறையில் மூடியிருக்கலாம், முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கால்பந்து ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், மைதானம் பின்னாலேயே இருப்பதால் நிற்க இடம் கிடைக்காது. சாப்பல் ஹில் நகரப் பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. காரை வெளியே விட்டுவிட்டுப் பேருந்தில் வருவதே நிம்மதி.

அந்த மைதானத்துக்கும் ஒரு கதை உண்டு. 1951இல் சட்டக் கல்லூரிக்கு வந்த கறுப்பின மாணவர்களுக்கு, மற்ற மாணவர்களோடு உட்கார முடியாதபடி, கறுப்பினத்தவருக்கு ஒதுக்கிய பகுதியில்தான் முதலில் நுழைவுச்சீட்டு கொடுத்தார்கள். அவர்கள் எதிர்த்த பிறகே அது மாறியது. மையத்தின் பின்பக்கம் நின்றால் அந்த மைதானம் கண்ணில் படும்.

இப்போதைய நிலைமையையும் தெரிந்துகொண்டு வாருங்கள். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் நிறுத்திய வழக்கில் இந்தப் பல்கலைக்கழகமும் ஒரு பிரதிவாதி. ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு அநீதி நடக்கிறது என்பது அந்த வழக்கில் வைத்த வாதங்களில் ஒன்று. அதாவது நம் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துத்தான் அது நடந்தது. 2024 மே மாதம் வட கரோலினாப் பல்கலைக்கழகங்களின் ஆளுநர் குழு, பன்மைத்துவம் பற்றிய தன் கொள்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு யூட்டா பல்கலைக்கழகத்தில் புதிய மாநிலச் சட்டத்தின் காரணமாகக் கறுப்பினப் பண்பாட்டு மையத்தையே மூடிவிட்டார்கள். சாப்பல் ஹில்லில் பன்னிரண்டு வருடம் போராடி வாங்கியது போன்ற ஒன்றை ஒரே சட்டத்தில் பூட்டிவிட முடியும் என்று பார்த்துவிட்டோம். பார்க்க முடிகிறபோதே போய்ப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். மகளையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். அங்கே நடக்கும் சொற்பொழிவுக்கும் திரைப்படத்துக்கும் அவளும் போகலாம்.

வெளியே வந்ததும் களைப்பு இல்லையென்றால் தெற்கு வீதியிலேயே கிழக்கே நடந்து பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். 1798இலிருந்து இருப்பது. பேராசிரியர்கள், ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் பளிங்கில் பெயரும் வருடமும். ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் சுவர் ஓடும். அந்தப் பக்கம் அடிமைகளும் அவர்களுக்குப் பின் வந்த கறுப்பின மக்களும் புதைக்கப்பட்ட இடம். செத்த பிறகும் தனி இடம் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதிக்கொரு சுடுகாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். சுவருக்கு அந்தப் பக்கம் பெயர் பொறித்த கல் கொஞ்சம்தான். பல குழிகளுக்கு வயலிலிருந்து எடுத்து வந்த வெறும் கல்லைத் தலைமாட்டில் நட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு அதுவும் இல்லை, மண் லேசாகப் பள்ளம் விழுந்திருப்பதை வைத்துத்தான் தெரியும். இலைகள் உதிர்ந்து மூடியிருக்கும். பார்த்துக் கால் வையுங்கள்.